வி.ஏ. அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த ஊனம்: மறுப்புக் கடிதத்தை எதிர்ப்பது எப்படி

ஊனத்துக்கு இழப்பீடு கேட்டு, மறுப்புக் கடிதம் வந்ததும் படிவத்தைத் தேடி ஓடாதீர்கள். முதலில் ஒன்றைப் பாருங்கள்: அறுவை நடந்த அந்தப் பாதிப்பு ராணுவப் பணியால் வந்தது என்று அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை (வி.ஏ.) ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறதா?

ஒப்புக்கொண்டிருந்தால் பாதிச் சுமை இறங்கியது. பணியால் கெட்ட முழங்காலில் அறுவை செய்தபோது நரம்பு அடிபட்டுப் பாதம் தொங்கிப்போனால், அது இரண்டாம்நிலைப் பாதிப்பு, அதாவது பணிப் பாதிப்பின் தொடர்ச்சியாக வந்தது. மருத்துவர் மீது தவறே சொல்ல வேண்டாம். இந்த அறுவையால் வந்தது என்று காட்டினால் போதும். தனியார் மருத்துவமனையில் நடந்த அறுவைக்கும் இது பொருந்தும். இது தெரியாமல் கடினமான வழியில் போய் வருடக்கணக்கில் அலைபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அந்தக் கடினமான வழிதான் அமெரிக்கப் படைவீரர் சலுகைச் சட்டத்தின் பிரிவு 1151. பணிக்குத் தொடர்பில்லாத நோய்க்கு வி.ஏ. அறுவை செய்து ஊனம் கூடியிருந்தால் இதில்தான் போக வேண்டும். 1994-இல் கார்ட்னர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தப் பிரிவில் வி.ஏ.வின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை என்றது. பிறகு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 1997 அக்டோபர் 1 முதல் போட்ட கோரிக்கைகளுக்குக் கவனக்குறைவு போன்ற தவறையோ, நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியாத விளைவையோ காட்டியாக வேண்டும். பழைய தீர்ப்பை நம்பி எழுதினால் தோற்பீர்கள்.

10-5345ஏ படிவம் கொடுத்து முழுக் கோப்பையும் வாங்குங்கள்: அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, செவிலியர் குறிப்பு. அறுவைக்கு முந்தைய பரிசோதனைக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டுத்தான் ஊனம் கூடியதா என்று முடிவு செய்வார்கள். ஒப்புதல் படிவத்தை வரி வரியாகப் படியுங்கள். 'நரம்புச் சேதம்' என்று அதில் இருந்தால் 'எதிர்பாராத விளைவு' என்ற வாதம் பலவீனமாகும்; அப்போது செய்த முறையில் என்ன தவறு என்பதைப் பிடியுங்கள்.

மருத்துவர் கடிதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'அறுவையால் வந்திருக்கலாம்' என்ற வரிக்கு மதிப்பில்லை. 'அறுவையால் வந்திருக்க 50 சதவீதமோ அதற்கு மேலோ வாய்ப்புண்டு' என்று எழுதி, கோப்பைப் படித்ததையும் காரணத்தையும் சொல்ல வேண்டும். 1151 என்றால், திறமையான மருத்துவர் என்ன செய்திருப்பார், இங்கே எது தவறியது என்பதும் வேண்டும்.

அடுத்து வழி. முடிவுக் கடிதத் தேதியிலிருந்து ஓராண்டு அவகாசம். புதிய மருத்துவர் கடிதம் கையில் இருந்தால் படிவம் 20-0995 (துணைக் கோரிக்கை). இருந்த சான்றையே தவறாகப் படித்தார்கள் என்றால் 20-0996 (உயர்நிலை மறுஆய்வு). இதில் புதுச் சான்றைப் பார்க்கவே மாட்டார்கள், மருத்துவர் கடிதத்தை இணைத்தால் வீண். படைவீரர் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகப் படிவம் 10182. அதில் புதுச் சான்று தரும் வழியைத் தேர்ந்தால், படிவம் சேர்ந்ததிலிருந்து 90 நாளுக்குள் சான்று போய்ச் சேர வேண்டும். வாரியமும் மறுத்தால் 120 நாளுக்குள் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம்.

அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கப் பிரதிநிதிகள் இவற்றைக் கட்டணமின்றிச் செய்து தருவார்கள்.

கவனக்குறைவுக்காக அரசு மீது நஷ்டஈடு கேட்பது வேறு வழக்கு: படிவம் 95, கெடு 2 ஆண்டு. மேல்முறையீடு நடக்கிறதே என்று அந்தக் கெடு நிற்காது. அதில் பணம் கிடைத்தால், அந்தத் தொகை ஈடாகும்வரை 1151 மாதத் தொகையை நிறுத்திவைப்பார்கள்; சமரசக் கையெழுத்துக்கு முன்பே கணக்குப் போட்டுப் பாருங்கள்.