நெளிவெல்லாம் அலையல்ல: வானிலை பலூன் தரவில் புவியீர்ப்பு அலையைத் தேடும் செய்முறை

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 2015-ல் லைகோ கருவிகள் பிடித்தது, கருந்துளைகள் இணைந்தபோது எழுந்த ஈர்ப்பு அலை. நாம் தேடப்போவது வளிமண்டலப் புவியீர்ப்பு அலை. இரண்டுக்கும் பெயரைத் தவிர உறவில்லை.

மலைமுகட்டில் ஏறியோ, இடிமேகம் முட்டியோ காற்று மேலே தள்ளப்படுகிறது. மேலே போனதும் குளிர்ந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் கனத்து விழுகிறது. விழுந்த வேகத்தில் தன் பழைய மட்டத்தையும் தாண்டிவிட்டு, அங்கே சூடாகி மறுபடி எழும்புகிறது. செங்குத்தாக ஆடினால் ஓர் ஆட்டத்துக்குக் தரையை ஒட்டிய கீழடுக்கில் (ட்ரோபோஸ்பியர்) சுமார் 10 நிமிடமும் அதற்கு மேலுள்ள மீளடுக்கில் (ஸ்ட்ராட்டோஸ்பியர்) சுமார் 5 நிமிடமும் ஆகும். சாய்வாக ஆடும் அலைகளுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். இந்த அலைகள் கீழிருந்து உந்தத்தைச் சுமந்துபோய் மேலே இறக்கிவைக்கின்றன. நிலநடுக்கோட்டுக்கு மேலே, மீளடுக்கில் கிழக்கும் மேற்குமாக ஏறத்தாழ 28 மாதச் சுழற்சியில் காற்று திசைமாறுவதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

படி 1: தரவை எடுங்கள்

சொந்தமாகப் பலூன் விட வேண்டியதில்லை. அதற்கு விமானப் போக்குவரத்து அனுமதி முதல் ஹீலியம் வரை ஆயிரம் தொல்லை. உலகெங்கும் வானிலை நிலையங்கள் வழக்கமாக நாளுக்கு இருமுறை, நம் நேரப்படி காலை, மாலை 5:30 மணிக் கணக்கில், ரேடியோசோண்டே (வெப்பநிலை, காற்று ஆகியவற்றை அளந்து வானொலி வழியே அனுப்பும் சிறு கருவி) கட்டிய பலூன்களை விடுகின்றன. பலூன் வினாடிக்குச் சுமார் 5 மீட்டர் ஏறி, 30 கிலோமீட்டரை ஒட்டிய உயரத்தில் வெடிக்கும்.

சென்னை மீனம்பாக்கத்திலிருந்தும் பலூன் ஏறுகிறது. ஆனாலும் முதல் பயிற்சிக்கு அதை எடுக்காதீர்கள் என்பேன். வெப்பமண்டலத்தில் கீழடுக்கே 16, 17 கிலோமீட்டர் வரை போய்விடுகிறது. அதற்கு மேல் பலூனுக்குக் கிடைக்கும் மீளடுக்கு குறைவு. போதாததற்கு, கெல்வின் அலை என்ற வேறொரு பெரிய அலையும் அங்கே வந்து கலக்கும். அமெரிக்காவின் டென்வரை எடுங்கள். ராக்கி மலைத்தொடரின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஊர், அலைக்குப் பஞ்சமில்லை. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் காப்பகத்தில் அமெரிக்க நிலையங்களின் உயர்துல்லியத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. முக்கிய மட்டங்களை மட்டும் தரும் சுருக்கப் பட்டியல் நமக்கு உதவாது. புள்ளிக்குப் புள்ளி நூற்றுக்கணக்கான மீட்டர் இடைவெளி இருந்தால் அலை அதற்குள் நழுவிவிடும்.

படி 2: கயிற்றின் ஆட்டத்தைக் கழியுங்கள்

நான் முதன்முதலில் காற்றுவேகத்தை வரைந்தபோது, ரம்பப் பல்போல் ஒழுங்கான நெளிவு தெரிந்தது. அலை கிடைத்துவிட்டது என்று இரண்டு நாள் துள்ளினேன். பிறகுதான் நெளிவுக்கு நெளிவு எவ்வளவு நேரம் என்று எண்ணிப் பார்த்தேன்: 11 வினாடி. புவியீர்ப்பு அலை இத்தனை வேகமாக ஆடவே முடியாது. கருவி பலூனுக்குக் கீழே சுமார் 30 மீட்டர் கயிற்றில் தொங்குகிறது. 30 மீட்டர் ஊசலின் காலத்தைப் பள்ளிச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், அதே 11 வினாடி வரும். நான் அளந்தது கயிற்றின் ஊஞ்சலாட்டத்தை.

ஆகவே காற்றுத் தரவை 30 வினாடி நகரும் சராசரியால் மழுக்குங்கள். பிறகு எல்லாவற்றையும் 50 மீட்டருக்கு ஒரு புள்ளியாக மாற்றிக்கொள்ளுங்கள். பலூன் வெடித்த பிறகு கீழே விழும்போது பதிவான வரிகள் இருந்தால் வெட்டிவிடுங்கள்.

படி 3: பின்னணியைக் கழியுங்கள்

18 முதல் 26 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியை மட்டும் எடுங்கள். வெப்பநிலை, கிழக்கு மேற்குக் காற்று, வடக்கு தெற்குக் காற்று ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே இரண்டாம் அல்லது மூன்றாம் படிப் பல்லுறுப்புக் கோவையைப் பொருத்துங்கள். பைத்தானில் ஒரு வரி வேலை. எக்செல்லின் போக்குக்கோடும் போதும். அளந்த மதிப்பிலிருந்து அந்தக் கோட்டைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அலையின் தடம். வெப்பநிலையில் ஒன்றிரண்டு டிகிரி, உயரத்தில் சில கிலோமீட்டருக்கு ஒருமுறை திரும்பும் நெளிவு தெரிந்தால் நல்ல அறிகுறி.

படியை ஏழு, எட்டு என்று ஏற்றிப் பார்க்கும் ஆசை வரும். ஏற்றினால் கோடு அலையையே விழுங்கிவிடும்.

படி 4: ஹோடோகிராஃப் வரையுங்கள்

கிழக்கு மேற்குக் காற்றின் மிச்சத்தைக் கிடை அச்சிலும், வடக்கு தெற்குக் காற்றின் மிச்சத்தை நிலை அச்சிலும் வைத்து, உயரம் கூடக்கூடப் புள்ளிகளை இணையுங்கள். ஒரே அலை ஓங்கியிருந்தால் நீள்வட்டம் விழும். வட அரைக்கோளத்தில் அது வலஞ்சுழியாகச் சுற்றினால் அலையின் ஆற்றல் மேல்நோக்கிப் போகிறது.

நீள்வட்டத்தின் நீள அச்சைக் குறுக்கு அச்சால் வகுங்கள். டென்வர் அட்சரேகையில் புவிச்சுழற்சி விதிக்கும் உச்சக் காலம் சுமார் 19 மணி நேரம். அதை இந்த விகிதத்தால் வகுங்கள்: விகிதம் 3 என்று வந்தால், காற்றோடு மிதந்து செல்பவர் பார்க்கும் அலைக்காலம் ஆறு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். இதே உச்சக் காலம் சென்னையில் 53 மணி நேரம்.

பெரும்பாலான நாட்களில் ஹோடோகிராஃப் குழந்தை கிறுக்கியதுபோல்தான் இருக்கும். பல அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. அந்தக் கிறுக்கலுக்குள் நீள்வட்டத்தை வற்புறுத்திப் புகுத்தாதீர்கள். அடுத்த நாளின் தரவைத் திறங்கள். மலைக்கு நேர்மேலே நிற்கும் குறுகிய, வேகமாக ஆடும் அலைகள் இந்த வரைபடத்தில் சரியாகச் சிக்குவதும் இல்லை. அவற்றுக்குப் பலூன் ஏறும் வேகத்தை வரையுங்கள்: 5 மீட்டரில் நிற்க வேண்டிய வேகம் ஏறியிறங்கினால், காற்றே பலூனைத் தூக்கி இறக்கியிருக்கலாம்.

படி 5: ஆற்றலைக் கணக்கிடுங்கள்

வெப்பநிலை மிச்சத்தைப் பின்னணி வெப்பநிலையால் வகுத்து, வர்க்கமாக்கி, சராசரி எடுங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தைச் செங்குத்தாக ஆடும் காற்றின் அதிர்வெண்ணால் (மீளடுக்கில் வினாடிக்குச் சுமார் 0.021 ரேடியன்) வகுத்து வர்க்கமாக்கி, அதோடு பெருக்கிப் பாதியாக்குங்கள். பின்னணி 220 கெல்வின், அலையின் வீச்சு 2 கெல்வின் என்றால் கிலோகிராமுக்குச் சுமார் 4.5 ஜூல் வரும். ஆயிரக்கணக்கில் வந்தால் கணக்கில் எங்கோ தவறியிருக்கிறீர்கள்.

படி 6: ஒன்றோடு நிற்காதீர்கள்

ஒற்றைப் பலூன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், காற்றில் சாய்ந்து சாய்ந்து ஏறிய ஒரு கோடு மட்டுமே. நெளிவு நகர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்பதை அடுத்தடுத்த பலூன்கள்தான் சொல்லும். சூரிய கிரகணத்தின்போது நிலவின் நிழல் காற்றைக் குளிர்வித்து அலை எழுப்பும் என்று சிமோனாஸ், ஹைன்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1970-ல் கணித்தார்கள். 2019 ஜூலை 2-ம் தேதி சிலியில் முழுச் சூரிய கிரகணத்தின்போது அடுத்தடுத்துப் பலூன் விட்ட ஆய்வுக்குழு, மீளடுக்கில் அத்தகைய அலையைக் கண்டதாக அறிவித்தது. 2023, 2024 கிரகணங்களுக்கு நாசா ஆதரவுடன் அமெரிக்க மாணவர் குழுக்கள் மணிக்கொரு பலூன் விட்டன.

சிலி போன்ற தெற்கத்தித் தரவில் கைவைக்கும்போது மட்டும் கவனம். அங்கே ஆற்றலை மேலே கொண்டுபோகும் அலை ஹோடோகிராஃபில் இடஞ்சுழியாகச் சுற்றும்.