அட்டகாமா, உயூனி பக்கம் பேக்பேக்கிங் போறவங்க செய்யக்கூடாத தவறுகள்

பாலைவனம்னு சொன்னதுமே நமக்கு வெயில்தான் ஞாபகம் வரும், அதனால மெல்லிசா நாலு காட்டன் டீசர்ட்ட பையில திணிச்சுக்கிட்டு கிளம்பிடுறாங்க, முதல் தப்பு அங்கயே ஆரம்பிச்சிடுது. சிலில இருக்கற சான் பெட்ரோ தே அட்டகாமா ஊரே சுமார் 2,400 மீட்டர் உயரத்துல இருக்கு, அங்கேர்ந்து விடிகாலைல கூட்டிட்டுப் போற எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகள் 4,300 மீட்டர், எல்லை தாண்டி பொலிவியாவுல, பெரிய உப்புப் பாலைவனத்துக்குப் பக்கத்துல இருக்கற உயூனி ஊர் 3,650 மீட்டருக்கு மேல. ஜூன், ஜூலைல உயூனி பக்கம் ராத்திரி மைனஸ் 10க்கு கீழ இறங்கிடும். பகல்ல டீசர்ட்டோட சுத்தின அதே ஊர்லதான் ராத்திரி தெர்மல், குல்லா, கையுறை எல்லாம் வேணும்.

ஆனா குளிர விட பெரிய விஷயம் உயரம், பழகாம சட்டுன்னு மேல போனா ஆக்சிஜன் பத்தாம தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல்னு வந்துடும். இத நான் கொஞ்சம் விவரமாவே சொல்லணும்.

சான் பெட்ரோலேர்ந்து உயூனிக்கு மூணு நாள் ஜீப் பயணம் ரொம்ப பிரபலம். நிறைய பேர் சான் பெட்ரோல இறங்கின மறுநாளே அதுக்கு ஏறிடுறாங்க. அந்தப் பக்கத்துலேர்ந்து போனா முதல் நாளே பார்டர தாண்டி சோல் தே மன்யானாங்கற வெந்நீர் சேறு கொதிக்கற இடத்துக்கு 4,800 மீட்டருக்கு மேல ஏத்திடுவாங்க, அன்னிக்கு ராத்திரி தூங்கறது லகுனா கொலராடா பக்கத்துல, அதுவே 4,300 மீட்டர் இருக்கும். அதாவது முழு ரூட்லயும் உயரமான ராத்திரி முதல் ராத்திரிதான். உயூனிலேர்ந்து கிளம்பினா வழக்கமா முதல் ராத்திரி உப்புப் பாலைவனத்து ஓரத்துல, உயரம் அவ்வளவா ஏறாது, உடம்புக்கு ஒரு நாள் டைம் கிடைக்கும். சான் பெட்ரோ பக்கத்துலேர்ந்துதான் போகணும்னா ரெண்டு மூணு ராத்திரி அங்க தங்கிட்டு, கடைசி நாள்ல எல் தாத்தியோ போய் பாத்துட்டு, உடம்பு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு ஜீப் ஏறுங்க. உயரத்தால வர்ற இந்தத் தொந்தரவுக்குப் போடற டயமாக்ஸ் மாத்திரை பத்தி ஊர்லயே டாக்டர்கிட்ட கேட்டுட்டு போங்க, கூட வர்றவன் குடுத்தான்னு வாங்கிப் போடாதீங்க.

எங்க ஜீப்ல டிரைவர் தவிர ஆறு பேர், எல்லாம் ஹாஸ்டல்ல பழக்கமானவங்க. ஒரு பொண்ணுக்கு மத்தியானத்துலேர்ந்தே தலைவலி, ஆனா மத்தவங்க பிளான் கெட்டுடும்னு வாயத் திறக்கல. ராத்திரி ரெண்டு மணிக்கு வாந்தி எடுத்துக்கிட்டு, மூணு கம்பளிக்குள்ள பல்லு கிடுகிடுன்னு ஆட உக்காந்திருந்தா, டார்ச் வெளிச்சத்துல பாத்தா உதடு நீலமா இருந்துச்சு. டிரைவர எழுப்பி இருட்டுலயே கீழ இறக்கினோம், இறங்க இறங்கத்தான் அவளுக்கு மூச்சு சீரா வந்துச்சு. அதுலேர்ந்து நான் யாரோட போனாலும் கிளம்பறதுக்கு முன்னாடியே பேசிடுவேன், யாருக்கு தலைவலி வந்தாலும் உடனே சொல்லணும், ஒருத்தருக்கு முடியலன்னா எல்லாரும் இறங்கறோம். ஜீப்ல ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கான்னு பணம் கட்டறதுக்கு முன்னாடி கேளுங்க, இருக்குன்னா எடுத்துக் காட்டச் சொல்லுங்க.

சாப்பாடு விஷயம். சைவம்னா ஸ்பானிஷ்ல "சின் கார்னே" (கறி இல்லாம)ன்னு மட்டும் சொன்னா பத்தாது, அங்க கார்னேன்னா பல பேருக்கு மாட்டுக்கறிதான், கோழி தட்டுல வந்துடும், அதனால "சின் போயோ" (கோழி இல்லாம)வும் சேத்து சொல்லணும், அதுவும் புக் பண்ணும்போதே, ஏன்னா மூணு நாளைக்கான சாமான ஜீப் மேல கட்டி எடுத்துட்டுத்தான் போறாங்க, வழில கடை பெருசா கிடையாது. தண்ணியும் அப்படித்தான், அட்டகாமா மண்ணுல ஆர்சனிக் இயற்கையாவே இருக்கு, சான் பெட்ரோல குழாய்த் தண்ணி வேண்டாம், கேன் வாங்கிக்கங்க.

பொலிவியாவுக்கு கிழியாத, மடிப்பு இல்லாத டாலர் நோட்டு எடுத்துட்டு போங்க, ஓரத்துல லேசா கிழிஞ்சிருந்தாகூட திருப்பிக் குடுத்துடுவாங்க. பார்க் கட்டணம், டாய்லெட் எல்லாத்துக்கும் சில்லறை பொலிவியானோ வேணும், கார்டு செல்லாது.

திரும்ப சிலிக்குள்ள வரும்போது பைய நல்லா உதறிப் பாருங்க. ஆப்பிள், தேன், விதைகள், சட்டைப் பைல மறந்துபோன கோகா இலை (உயரத்துக்கு அங்க மெல்லற இலை)ன்னு எது இருந்தாலும் எல்லைல குடுக்கற கஸ்டம்ஸ் ஃபார்ம்ல எழுதிடுங்க. பழத்த எழுதிக் காட்டினா எடுத்து குப்பைல போடறதோட பெரும்பாலும் முடிஞ்சிடும், மறைச்சு மாட்டினா அபராதம்.

கடைசியா, நம்ம ஆளுங்க அதிகமா மறக்கறது மஞ்சள் காய்ச்சல் ஊசி. பொலிவியா, பெரு போயிட்டு இந்தியா திரும்பினா ஏர்போர்ட்ல சர்டிபிகேட் கேப்பாங்க, இல்லன்னா ஆறு நாள் வரைக்கும் தனியா வெச்சிடலாம். பாலைவனத்துல கொசுவே இல்லையேன்னு அங்க வாதாட முடியாது, பாஸ்போர்ட்ல எந்த நாட்டு முத்திரை இருக்குன்னுதான் பாப்பாங்க. ஊசி போட்டு பத்து நாளுக்கு அப்புறம்தான் சர்டிபிகேட் செல்லும், சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க, டிக்கெட் போட்ட கையோட அங்க எந்த நாள் போடுறாங்கன்னு விசாரிச்சுடுங்க.