அலாஸ்கா கொடி செய்வோம்: துருவத்திலிருந்து தொடங்குங்கள்

மகளின் பள்ளி வேலைக்காகப் போன மாதம் அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலக் கொடியைச் செய்தோம். கருநீலத்தில் சப்தரிஷி மண்டலமும் துருவ நட்சத்திரமும் இருக்கும் கொடி அது. மூன்றாவது தாளில்தான் சரியாக வந்தது. எங்கே தவறினோம் என்பதைச் சொன்னால் உங்களுக்கு இரண்டு தாள் மிச்சம்.

ஏ3 அளவில் கருநீலத் தாள் வாங்குங்கள். கொடியின் அளவு 125:177. ஏ3 தாளும் ஏறக்குறைய அதே விகிதம்தான், வெட்டவே வேண்டாம். வாட்டர் கலர் வேண்டவே வேண்டாம். நட்சத்திர முனைகளில் நீலம் கசிந்துவிடும். தங்க நிறத் தாளில் ஒரே அளவாக ஏழு நட்சத்திரங்கள், சற்றுப் பெரிதாக ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது இடம் குறிப்பது. நாங்கள் சப்தரிஷி மண்டலத்தின் ஏழையும் அழகாக ஒட்டிவிட்டு, கடைசியில் துருவ நட்சத்திரத்தை மூலையில் வைத்தோம். பார்த்தால் ஏழும் வேறு எங்கோ காட்டின. வானத்தில் அந்த ஏழில் கிரது, புலகர் என்ற இரண்டு நட்சத்திரங்களையும் இணைத்து நீட்டினால் துருவத்தில் போய் நிற்கும். கொடிக்கும் அதுதான் உயிர்.

அதனால் வரிசையை மாற்றிச் செய்யுங்கள். முதலில் மேல் வலது மூலையில் பெரிய நட்சத்திரம். அதிலிருந்து இடப்பக்கம் சாய்த்து, கீழ்ப் பாதி வரை வெள்ளைப் பென்சிலால் மெல்லிய கோடு. கோட்டின் கீழ்ப்பகுதியில் இரண்டு நட்சத்திரம், அவைதான் கிரதுவும் புலகரும். அவற்றுக்கு இடப்புறம் இன்னும் இரண்டு வைத்தால் கிண்ணம் முடிந்தது. வாய் அகலம், அடி குறுகல். அங்கிருந்து மேல் இடது பக்கமாக மூன்று, லேசாக வளைந்து. அமெரிக்கர்கள் இதை அகப்பை என்கிறார்கள். கைப்பிடி நேர்க்கோடாக இருந்தால் அகப்பை போலத் தெரியாது.

கோட்டை அழிப்பதற்கு முன் மகளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். 1867இல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா வாங்கிய நிலம் அலாஸ்கா. 1927இல் கொடிக்காக மாணவர்களிடையே போட்டி வைத்தார்கள். வென்றவன் சீவர்ட் ஊரில் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த பென்னி பென்சன், ஏழாம் வகுப்புப் பையன். நீலம் வானத்துக்கும் ஃபர்கெட் மீ நாட் பூவுக்கும், பெருங்கரடி (சப்தரிஷி மண்டலம் இதன் ஒரு பகுதி) வலிமைக்கு, துருவம் வருங்கால அலாஸ்கா மாநிலத்துக்கு என்று எழுதியிருந்தான். அலாஸ்கா 49ஆவது மாநிலமானது 1959 ஜனவரி 3இல்தான். முப்பத்திரண்டு வருடம் முன்பே ஒரு சிறுவன் மாநிலத்தை மூலையில் வரைந்து வைத்துவிட்டான்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்சேர்க்கை: தாளின் பின்புறம் புள்ளி வைத்துக் குத்திய ஒருவருக்குக் கொடி இடவலம் மாறிவிட்டதாம். முன்புறமே குறியுங்கள். அருந்ததி எங்கே என்று இன்னொருவர் கேட்டார். கைப்பிடியின் நடு நட்சத்திரம் வசிஷ்டர். அருந்ததி அதை ஒட்டியே இருந்தாலும் கொடியில் இல்லை, ஒட்ட வேண்டாம்.