குழந்தைக்கு முதல் சோறு: கரைக்காமல் மசித்துக் கொடுங்கள்

பருப்புத் தண்ணி, வடிகஞ்சி, நீர்க்கக் கரைத்த கேழ்வரகுக் கஞ்சி. நம் வீடுகளில் குழந்தைக்கு முதலில் ஊட்டுவது பெரும்பாலும் இதில் ஒன்றாகத்தான் இருக்கும். தொண்டையில் சிக்காமல் இறங்கும், சுலபமாகச் செரிக்கும் என்ற அக்கறையில்தான் பெரியவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் குழந்தையின் வயிற்றுக்குள் போவதில் பெரும்பகுதி தண்ணீர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குழந்தையின் இரைப்பை, ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும். 7 கிலோ குழந்தை என்றால் சுமார் 200 மில்லி, ஒரு டம்ளர் அளவு. 6 மாதத்திலிருந்து 8 மாதம் வரை தாய்ப்பாலோடு சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி உணவிலிருந்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒரு டம்ளர் இடத்தைப் பருப்புத் தண்ணியால் நிரப்பிவிட்டால் கலோரியும் சேராது, பால் குடிக்கவும் இடமிருக்காது. வயிறு நிறைந்த மாதிரிதான் தெரியும், எடை மட்டும் ஏறாது.

அதனால் முதல் நாளிலிருந்தே மசித்த உணவுதான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எப்படிச் செய்வது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: நேரம் வந்துவிட்டதா என்று பாருங்கள்

6 மாதம் முடிந்திருக்க வேண்டும், அதாவது 180 நாள். ‘ஆறாம் மாதம் நடக்கிறது’ என்று நாம் சொல்லும்போது குழந்தைக்கு 5 மாதம்தான் முடிந்திருக்கும். இந்தக் குழப்பத்தில் ஒரு மாதம் முன்னாலேயே ஆரம்பிக்கும் வீடுகள் நிறைய. குறை மாதத்தில் பிறந்த குழந்தை என்றால் எப்போது தொடங்குவது என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

நாள் கணக்கோடு குழந்தையையும் பாருங்கள். தலை நிற்க வேண்டும். பிடித்து உட்கார வைத்தால் சாயாமல் உட்கார வேண்டும். நாம் சாப்பிடும்போது தட்டையே பார்ப்பது, கையை நீட்டுவது, வாயைத் திறப்பது எல்லாம் நல்ல அறிகுறிகள். பல் முளைத்திருக்க வேண்டியதில்லை. மசித்த உணவை ஈறே பார்த்துக்கொள்ளும்.

குருவாயூரிலோ பழனியிலோ குலதெய்வக் கோயிலிலோ சோறூட்டுவதாக வேண்டுதல் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். பாயசமோ சர்க்கரைப் பொங்கலோ உதட்டில் ஒரு துளி தொட்டு வைத்தால் போதும். தேன் மட்டும் ஒரு துளிகூட வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

படி 2: முதல் சாப்பாட்டைச் செய்யுங்கள்

இதற்கென்று தனி இயந்திரம், தனிப் பாத்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு சின்னக் கிண்ணமும் விளிம்பு மழுங்கலான சின்ன ஸ்பூனும் போதும். சோப்புப் போட்டுக் கழுவிய கையால் ஊட்டினாலும் நல்லதுதான், சூடு சரியாக இருக்கிறதா என்று விரலே சொல்லிவிடும். பால் புட்டியில் கஞ்சி ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒரு டேபிள்ஸ்பூன் பச்சரிசி, ஒரு டீஸ்பூன் பாசிப்பருப்பு. இரண்டையும் கழுவி ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் போட்டு, அரிசியை அளந்த அதே ஸ்பூனால் ஆறு ஸ்பூன் தண்ணீர் ஊற்றுங்கள். வீட்டுக்குச் சோறு வைக்கும் குக்கருக்குள்ளேயே இந்த டம்ளரை மூடி இறக்கிவிடலாம். தனியாக வைத்தால் நாலைந்து விசில். வெளியே எடுத்ததும், சூடு இருக்கும்போதே ஸ்பூனின் பின்புறத்தால் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்து அழுத்தி அழுத்தி மசியுங்கள். ஆறினால் பருக்கை இறுகிக்கொண்டு மசியாது. அரை டீஸ்பூன் நெய் சேருங்கள். உப்பு போடாதீர்கள். ‘உப்பில்லாமல் எப்படிச் சாப்பிடும்?’ என்ற கேள்வி கண்டிப்பாக வரும். உப்பின் ருசி நமக்குத்தான் பழக்கம், குழந்தைக்கு இன்னும் தெரியாது.

இப்போது பதம் பார்க்க வேண்டும். மசித்ததை ஒரு ஸ்பூன் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். ஒழுகி ஓடினால் அது நீர்த்துவிட்டது. ஸ்பூனில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு மெல்ல ஒரு பொத்தாக விழுந்தால் சரியான பதம். ரொம்ப இறுகலாக இருந்தால் தாய்ப்பாலோ கொதித்து ஆறிய தண்ணீரோ ஒரு ஸ்பூன் விட்டுத் தளர்த்துங்கள். மிக்ஸியில் அடிக்காதீர்கள். முழுக்க மழமழவென்று அரைத்ததையே மாதக்கணக்கில் தின்று பழகிய குழந்தை, பிறகு ஒரு பருக்கை தட்டுப்பட்டாலும் துப்பும்.

படி 3: முதல் வாய்

காலை 10, 11 மணி வாக்கில் கொடுங்கள். ஒத்துக்கொள்ளாமல் ஏதாவது வந்தாலும் மருத்துவரைப் பார்க்கப் பகல் பொழுது இருக்கும். கடும் பசியில் அழும்போது ஊட்டினால் ஸ்பூனைப் பார்த்தே கோபப்படும். வயிறு முட்டப் பால் குடித்த பிறகு என்றால் வாயே திறக்காது. கொஞ்சம் பால் கொடுத்துவிட்டு, அரைப் பசியில் இருக்கும்போது ஆரம்பியுங்கள்.

படுக்க வைத்து ஊட்டாதீர்கள். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, உங்கள் முகம் தெரிகிற மாதிரி திருப்பிக்கொள்ளுங்கள். ஸ்பூன் நுனியில் கொஞ்சமாக எடுத்து உதட்டருகே கொண்டுபோய் நிறுத்துங்கள். அதுவாக வாயைத் திறக்கட்டும். உள்ளே போனதில் பாதி நாக்கால் தள்ளப்பட்டு மோவாயில் வழியும். இத்தனை நாள் உறிஞ்ச மட்டுமே தெரிந்த நாக்கு அது, பின்னுக்குத் தள்ளி விழுங்க இனிமேல்தான் கற்க வேண்டும். முகம் சுளிப்பதும் அப்படித்தான். ‘பிடிக்கவில்லை’ என்று அன்றே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஒரே உணவை எட்டு பத்து முறை வெவ்வேறு நாளில் கொடுத்த பிறகு ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் ஏராளம்.

முதல் சில நாள் இரண்டு மூன்று ஸ்பூன் உள்ளே போனாலே போதும். தலையைத் திருப்பினால், வாயை மூடினால் நிறுத்திவிடுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தை அழுத்தி, டிவியைக் காட்டித் திணிப்பது எல்லாம் சாப்பாட்டு நேரத்தையே சண்டையாக்கிவிடும். வேடிக்கை காட்டலாம், நிலா காட்டலாம், பேசலாம், பாடலாம். ஆனால் சாப்பிடுகிறோம் என்பது குழந்தைக்குத் தெரிய வேண்டும்.

ஒரு வேளையில் ஆரம்பித்து, மெதுவாக நாளுக்கு இரண்டு மூன்று வேளைக்கு வாருங்கள். 8 மாதம் முடிவதற்குள் ஒரு வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் அரைக் கிண்ணம் என்ற அளவுக்கு வந்துவிடலாம். தாய்ப்பால் முன்பு போலவே தொடரட்டும், 2 வயதுவரையும் அதற்கு மேலும்.

படி 4: இரும்புச்சத்தை மறக்காதீர்கள்

நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். தாயின் வயிற்றிலிருந்து சேமித்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து, 6 மாத வாக்கில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. மூளை வேகமாக வளர்கிற இந்த நேரத்தில் வெறும் சோறும் வாழைப்பழமும் பிஸ்கட்டும் கொடுத்தால் ரத்தசோகைக்கு நாமே வழிவிடுகிறோம்.

அசைவம் சாப்பிடும் வீடு என்றால் வேலை சுலபம். ஆட்டு ஈரலை நன்றாக வேகவைத்து மசித்து ஒரு ஸ்பூன் சோற்றில் கலந்துவிடுங்கள். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் வாரத்துக்கு ஒரு முறை போதும். கோழி, முள் நீக்கிய மீன், முழுதாக வெந்த முட்டை எல்லாமே 6 மாதத்திலிருந்து கொடுக்கலாம். சைவம் என்றால் பருப்பு, சுண்டல் கடலையை வேகவைத்துத் தோல் நீக்கி மசித்தது, முருங்கைக்கீரை. செடி வகை இரும்பை உடல் குறைவாகத்தான் உறிஞ்சும். கூடவே வைட்டமின் சி சேர்ந்தால் அதிகம் உறிஞ்சும். பருப்புச் சோற்றில் வெந்த தக்காளியைத் தோல் நீக்கி மசித்துவிடுவது, சாப்பிட்டதும் இரண்டு ஸ்பூன் கொய்யா விழுதோ பப்பாளியோ கொடுப்பது போன்றவை பலன் தரும்.

6 மாதத்திலிருந்து 5 வயதுவரை, வாரத்துக்கு இரண்டு முறை 1 மில்லி இரும்புச்சத்து மருந்து கொடுப்பது அரசின் திட்டத்திலேயே இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். அங்கன்வாடியில் 6 மாதம் முடிந்த குழந்தைக்குச் சத்துமாவும் கிடைக்கும். அதில் வெல்லம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், மேற்கொண்டு இனிப்புப் போடாதீர்கள்.

கேழ்வரகைக் கஞ்சியாக்கும் முறை

கேழ்வரகில் கால்சியம் ஏராளம், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் சாதாரண மாவில் காய்ச்சினால் கொஞ்சம் மாவுக்கே கெட்டியாகிவிடும், விழுங்கவைக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவோம். கடைசியில் கிண்ணத்தில் மாவு குறைவு, தண்ணீர் அதிகம். முளைகட்டிய மாவு இந்தச் சிக்கலைத் தீர்க்கும். முளைக்கும்போது தானியத்துக்குள் உருவாகும் நொதி மாவுச்சத்தை உடைத்து இளக்குகிறது. அதனால் அதே தண்ணீருக்கு இன்னும் கூடுதலாக மாவு போட முடியும், இரும்பு சேரவிடாமல் தடுக்கும் பைட்டேட்டும் குறையும்.

கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீரை வடித்து, வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். துணி காய்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். ஒரு நாளில் வெள்ளை நூல் போல முளை எட்டிப் பார்க்கும். துணியில் பரப்பி மொறுமொறுவென்று காயவையுங்கள். வாணலியில் லேசாக வறுத்து அரைத்துச் சலித்துவிடுங்கள். அதிகம் வறுத்தால் அந்த நொதி செத்துவிடும், பாடுபட்டு முளைகட்டியதன் பலனில் பாதி போய்விடும். மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். நிறம் கருத்துப் பளபளப்பு வந்து பச்சை வாசனை போனதும் இறக்கலாம். பதம் அதே ஸ்பூன் சோதனைதான்.

படி 5: முட்டை, வேர்க்கடலை

ஒவ்வாமைக்குப் பயந்து இவற்றை ஒரு வயதுக்கு மேல் தள்ளிப்போடச் சொன்ன காலம் போய்விட்டது. ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளிடம் லண்டனில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், முதல் வயதுக்குள்ளேயே வேர்க்கடலை உணவு கொடுக்கத் தொடங்கியவர்களுக்கு அந்த ஒவ்வாமை 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. வறுத்துத் தோல் நீக்கி நைஸாகப் பொடித்த கடலையைக் கஞ்சியில் கால் டீஸ்பூன் கலந்து ஆரம்பியுங்கள். முழுக் கடலை கூடவே கூடாது. முட்டை, கடலை, மீன், கோதுமை ஆகியவற்றைத் தனித்தனி நாளில், பகலில், கொஞ்சமாகத் தொடங்குங்கள். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கடுமையான கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய்) இருக்கும் குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் கடலை தொடங்க வேண்டாம்.

ஒரு வயதுவரை வேண்டாதவை

தேன்: இதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுப்பது ரத்தசோகைக்கு வழி. உப்பு வேண்டாம். வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச்சர்க்கரை, கற்கண்டு மூன்றும் இனிப்பு என்ற வகையில் ஒன்றுதான். டீ, காபி, பாட்டில் ஜூஸ் வேண்டாம். வசம்பு உரைத்துக் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள்.

தொண்டையில் சிக்கினால்

சாப்பிடும்போது ஓங்கரித்து, இருமி, முகம் சிவந்து, உணவை முன்னால் தள்ளுவது சாதாரணம். பதறி முதுகில் தட்டாமல் கூடவே இருங்கள், அதுவே சரிசெய்துகொள்ளும். சத்தமே வராமல், இருமவும் அழவும் முடியாமல், உதடு நீலம் பாய்ந்தால் அது மூச்சடைப்பு. குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, தாடையைத் தாங்கிப் பிடித்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். வராவிட்டால் மல்லாத்தி நெஞ்சின் நடுவில் 5 முறை அழுத்துங்கள். வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள், இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். இதை ஒரு செவிலியரிடம் நேரில் செய்துகாட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி தாத்தாவும் சேர்ந்து. முழுத் திராட்சை, பொட்டுக்கடலை, முறுக்கு, பாப்கார்ன், பச்சைக் கேரட் துண்டு ஆகியவற்றைக் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

மலமும் தண்ணீரும்

சோறு தொடங்கியதும் மலத்தின் நிறமும் வாடையும் மாறும். பீட்ரூட் கொடுத்தால் சிவப்பாகவே போகும். இறுகினால் பப்பாளி, ஊறவைத்து மசித்த உலர்திராட்சை உதவும். சாப்பாட்டுக்குப் பிறகு கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு மூன்று மிடறு போதும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், எச்சில் ஸ்பூன் பட்ட மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தாலும் உணவை நிறுத்தாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள், ஓ.ஆர்.எஸ். கரைசலும் தாய்ப்பாலும் தொடரட்டும். சோர்ந்து கிடந்தால், சிறுநீர் குறைந்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எட்டு மாதத்துக்கு மேல்

மசிப்பதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். குழைந்த சோற்றில் பருக்கை தெரியட்டும். ஆவியில் வெந்த கேரட், பூசணி, இட்லித் துண்டு, தோசையின் நடுப்பகுதி என்று கையில் பிடித்துத் தின்னக் கொடுங்கள். விரலால் அழுத்தினால் நசுங்கும் அளவுக்கு வெந்திருந்தால் போதும். பாதி தரையில் போகும், தலைமுடியிலும் ஒட்டும். ஒரு பழைய துணியை விரித்துவிட்டு விட்டுவிடுங்கள். 9-ம் மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது எடை போட்டு, வளர்ச்சி அட்டையின் கோடு மேலே ஏறுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஏறாவிட்டால் வேளையைக் கூட்டுவதற்கு முன் கிண்ணத்தில் இருப்பதை ஒரு ஸ்பூன் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். பதம் சரியாக இருந்தும் எடை நின்றே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.