'பை' இல்லாவிட்டாலும் பேசிவ்தான்

ஆங்கில வாக்கியத்தில் 'பை' (by) இருந்தால் பேசிவ் (செயப்பாட்டுவினை), இல்லையென்றால் ஆக்டிவ் (செய்வினை) என்று மனப்பாடம் செய்திருந்தால் முதலில் அதை மறந்துவிடுங்கள். 'ஷி சாட் பை த விண்டோ' என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். 'பை' இருக்கிறது, ஆனாலும் செய்வினை. 'த பாம்பன் பிரிட்ஜ் வாஸ் ஓப்பன்ட் இன் 1914' என்பதில் 'பை' கிடையாது, அது செயப்பாட்டுவினை.

பார்க்க வேண்டியது வினைத்தொடரின் வாலை. வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். நடுவில் வரும் 'நாட்', 'ஆல்வேஸ்', 'ரீசன்ட்லி' எல்லாம் கணக்கில் இல்லை. கடைசிச் சொல் ரிட்டன், ஈட்டன், பில்ட் போல வினையின் மூன்றாம் வடிவமாக இருக்க வேண்டும். அதற்கு ஒட்டி முன்னால் ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பி, பீன், பீயிங் என்ற எட்டில் ஒன்று நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பேசிவ்.

'ரைட்' என்ற வினையை வைத்துப் பாருங்கள்:

ஹேஸ் ரிட்டன்: மூன்றாம் வடிவம்தான், ஆனால் முன்னால் இருப்பது 'ஹேஸ்'. ஆக்டிவ்.
ஹேஸ் பீன் ரைட்டிங்: 'பீன்' இருக்கிறது, வால் 'இங்'. ஆக்டிவ். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்.
ஹேஸ் பீன் ரிட்டன்: பேசிவ்.
இஸ் பீயிங் ரிட்டன்: இதுவும் பேசிவ்.

'ஐ வாஸ் டயர்ட்' இந்தச் சோதனையை ஏமாற்றும். 'டயர்ட்' முன்னால் 'வெரி' போட்டுப் பாருங்கள், இயல்பாக ஒட்டிக்கொள்கிறது. அப்படியென்றால் அது பெயரடை, பேசிவ் அல்ல.

தமிழில் மொழிபெயர்த்து 'படு' வருகிறதா என்று பார்ப்பதும் உதவாது. 'ஆசைப்பட்டாள்' என்பதில் 'பட்டாள்' இருந்தாலும் அது 'வான்டட்', சுத்தமான ஆக்டிவ். மறுபக்கம், பேச்சில் யாரும் 'வீடு கட்டப்பட்டுவிட்டது' என்பதில்லை. 'வீடு கட்டியாச்சு' என்போம். ஆங்கிலத்தில் அது 'த ஹவுஸ் ஹேஸ் பீன் பில்ட்'.

செயப்படுபொருள் ஏற்காத வினைக்குப் பேசிவ் கிடையாது. எதை நடந்தது, எதை இறந்தான் என்று கேட்க முடியாதல்லவா? அதனால் 'தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்', 'ஹி வாஸ் டைட்' இரண்டும் பிழை. 'வாஸ்' எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

இதற்கு நேர்மாறு 'பிறந்தேன்'. தமிழில் செய்வினை, ஆங்கிலத்தில் 'ஐ வாஸ் பார்ன்' என்று பேசிவ் வடிவம். விண்ணப்பங்களில் 'ஐ ஆம் பார்ன் இன் 1998' என்று எழுதாதீர்கள். பிறந்து முடிந்த கதை, 'வாஸ்' போடுங்கள்.