சின்ன ஜோடியை எப்போது ஆடலாம், எப்போது கவிழ்க்கலாம்

எங்கள் பாளையங்கோட்டை மொட்டை மாடியில் சனிக்கிழமை ராத்திரி பாய் விரித்தால் நோ-லிமிட் போக்கர்தான்: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு பாயில், முன்னால் இருப்பது மொத்தத்தையும் பந்தயம் வைக்கலாம். பணம் கிடையாது, ஆளுக்கு 400 புளியங்கொட்டை. 2025இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்துக்கு அப்புறம் ஆன்லைனிலும் காசு வைத்து ஆட வழியில்லை. கொட்டையானாலும் கணக்கு அதே கணக்குதான்.

2-2இலிருந்து 6-6 வரை சின்ன ஜோடி, 7-8 மாதிரி ஒரே இனத்தில் அடுத்தடுத்த சீட்டு, ஏஸோடு அதே இனத்தில் ஒரு பொடிச் சீட்டு. இதையெல்லாம் நாங்கள் மானாவாரிச் சீட்டு என்போம். மழை பெய்தால் விளைச்சல், இல்லையென்றால் விதை போச்சு. அதனால் கையில் என்ன சீட்டு என்று பார்ப்பதற்கு முன்னால், விதைக்கு என்ன விலை, விளைந்தால் எவ்வளவு தேறும் என்று பாருங்கள்.

ஜோடியோடு உட்கார்ந்தால் ஃபிளாப்பில், அதாவது முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில், அதே எண் இன்னொன்று விழுந்து செட் (ஒரே எண்ணில் மூன்று) ஆக வாய்ப்பு 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது எட்டொன்பது தடவைக்கு ஒரு தடவை. அந்த ஒரு தடவையும் எதிராளி மொத்தத்தையும் கொடுத்துவிட மாட்டார் என்பதால், நீங்கள் கால் பண்ணும் (அவர் வைத்ததற்குச் சமமாகப் போடும்) தொகையைப் போல 15 மடங்காவது அவர் முன்னால் மிச்சம் இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். உங்களிடம் இருப்பது, அவரிடம் இருப்பது, இரண்டில் எது குறைவோ அதைத்தான் எண்ண வேண்டும். போன வாரம் எதிர்வீட்டு அண்ணாச்சி 20 கொட்டை போட்டு ரெய்ஸ் பண்ணினார் (பந்தயத்தை ஏற்றினார்), முன்னால் இன்னும் 380 கிடந்தது, என் கையில் 5-5, யோசிக்காமல் உள்ளே போனேன். ஃபிளாப்பில் ராணி, 9, 5. ஏஸ்-ராணியை வைத்துக்கொண்டு அவர் கடைசிவரை விடவில்லை, கொட்டை அத்தனையும் என் பக்கம் வந்துவிட்டது. அவர் முன்னால் 120தான் இருந்திருந்தால் அதே 5-5ஐ ஆடாமல் கவிழ்த்திருப்பேன்.

ஒரே இனச் சீட்டு என்றதும் மயங்குகிறவர்கள்தான் அதிகம். ஃபிளாப்பிலேயே ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) விழுவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நாலு சீட்டு சேர்ந்து ஐந்தாவதுக்குக் காத்திருக்கும் நிலைமை சுமார் 11 சதவீதம், அதிலிருந்து ரிவருக்குள், அதாவது கடைசிப் பொதுச் சீட்டு திறப்பதற்குள், ஃபிளஷ் முடிவது மூன்றில் ஒரு பங்குதான். அதனால் 7-8க்கு 15 மடங்கு போதாது, 30 பக்கம் வேண்டும், கூடவே பட்டனிலோ (ஃபிளாப்புக்கு அப்புறம் கடைசியாக ஆடுகிற இடம்) அதற்குப் பக்கத்திலோ உட்கார்ந்து மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஆடுகிற வசதியும் வேண்டும். 9-3 ஒரே இனம் என்றால்? சரி, பார்க்க அழகுதான், தூக்கிப் போடுங்கள்.

4-5 ஆர்ட்டினில் ஃபிளஷ் அடித்து, அதைவிடப் பெரிய ஆர்ட்டின் ஃபிளஷிடம் நான் 300 கொட்டை தோற்றிருக்கிறேன். ஏஸ்-5 ஒரே இனத்துக்கு அந்தப் பயம் குறைவு, ஆனால் ஃபிளாப்பில் வெறும் ஏஸ் ஜோடி விழுந்தால் அதை நம்பிப் பெரிய பந்தயத்துக்குப் போகாதீர்கள்.

ஃபிளாப்பில் ஒன்றும் வரவில்லையா, அவர் பந்தயம் வைத்ததுமே கவிழ்த்துவிடுங்கள். ஏற்கெனவே 20 போட்டாச்சே என்று இன்னொரு 30 போட்டால் மேலே சொன்ன கணக்கு எதுவும் நிற்காது. என் மச்சானுக்கு இது மட்டும் ஏறவே இல்லை. 3-3ஐ வைத்துக்கொண்டு ரிவர் வரை வருவான், பாயில் ராஜா, ராணி, 10 எல்லாம் கிடக்கும். ஏம்லே வந்தே என்று கேட்டால், "ஜோடில்லா" என்பான்.