தோட்ட மண்டபத்தில் இலையுதிர் காலப் புதிர்ப்போட்டி

செப்டம்பர் பிறந்தால் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் தங்லுங் என்ற சீனத் தாள் விளக்குகள் தொங்கும். பேரங்காடியில் பிளாஸ்டிக் பூசணி பல்லிளிக்கும். கோயிலில் கொலுப்படி ஏறும், அதற்குள் தீபாவளிக்கு முறுக்கு உரல் தேடும் வேலை தொடங்கிவிடும். இதையெல்லாம் ஒரே மாலையில் கோத்து ஒரு புதிர்ப்போட்டி வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் இணையத்தில் கிடைக்கும் கேள்விகளை அப்படியே மொழிபெயர்த்து வாசித்தால் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் மண்டபமே வாயடைத்து உட்கார்ந்திருக்கும். மேப்பிள் மரத்தையும் ஆப்பிள் தோட்டத்தையும் பற்றிக் கேட்டால் ரப்பர் பால்மரம் சீவியவருக்கு என்ன தெரியும்? நல்ல கேள்வி என்பது, விடை தெரியாவிட்டாலும் யோசித்துப் பிடிக்க ஒரு நுனியாவது கொடுக்க வேண்டும்.

முதலில் ஏற்பாடு. எட்டுக் குழு, குழுவுக்கு ஐந்து பேர் போதும். ஆறு பேருக்கு மேல் போனால் இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் கச்சான் தின்பார்கள். குடும்பம் குடும்பமாக உட்கார விடாமல் சீட்டுக் குலுக்குங்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெரியவரும் ஒரு பள்ளிப் பிள்ளையும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு சுற்று, சுற்றுக்கு எட்டுக் கேள்வி. கேள்வியை இரண்டு முறை வாசித்து 40 விநாடி கொடுத்தால், கேள்வி ஒன்றுக்கு ஒன்றேகால் நிமிடம் ஆகும். திருத்தும் நேரத்தையும் சேர்த்தால் முழுப்போட்டியும் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கும். சனிக்கிழமை இரவு ஏழரைக்குத் தொடங்கலாம். மற்ற நாள்களில் தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டை நினைத்து எட்டரைக்கே பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

சுற்றுக்குள் வரிசையும் முக்கியம். எட்டில் மூன்று எல்லாருக்கும் தெரிந்தவை, மூன்று பாதிப் பேருக்குத் தெரிந்தவை, இரண்டு மட்டும் கடினமானவை. கடினத்தை முதலில் வைத்தால் பின்வரிசை அத்தோடு கழன்றுகொள்ளும்.

இனி கேள்விகள். சண்டை வருவது எப்போதும் இங்கேதான், காரணமும் எப்போதும் ஒன்றுதான்: ஒரு கேள்விக்கு இரண்டு சரியான விடைகள். 'இலையுதிர் காலம் எப்போது தொடங்குகிறது?' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வட கோளத்தில் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும் செப்டம்பர் 22 அல்லது 23 என்பது வானியல் கணக்கு. வானிலை ஆய்வாளர்களுக்குச் செப்டம்பர் 1. மெல்பர்னில் படிக்கும் பிள்ளையைக் கேட்டால் மார்ச் என்று சொல்லும், அதுவும் சரி. எனவே 'ஆஸ்திரேலியாவில் இலையுதிர் காலம் மார்ச்சில் தொடங்குமா, செப்டம்பரிலா?' என்று மாற்றுங்கள். 'நன்றி நவிலும் நாள் எப்போது?' என்று கேட்டாலும் இதே கதைதான். அமெரிக்காவில் அது நவம்பர் நான்காம் வியாழன், கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்கள். நாட்டின் பெயரைக் கேள்வியிலேயே சொல்லிவிட வேண்டும்.

தமிழ்ப் பருவங்களிலும் இந்தக் குழி உண்டு. 'இலையுதிர் காலத்துக்குப் பழந்தமிழ்ப் பெயர் என்ன?' என்று கேட்காதீர்கள். ஆறு பருவங்களில் எதுவும் ஐரோப்பியப் பருவத்தோடு ஒட்டிப் பொருந்தாது. ஆசிரியர் ஒருவர் எழுந்தால் அரை மணி நேரம் போய்விடும். 'ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்தது எந்தப் பருவம்?' என்று கேளுங்கள். கூதிர், ஒரே விடை. ஆவணி புரட்டாசி என்றால் கார்.

இலைச் சுற்றுதான் இந்த ஊருக்குப் பொக்கிஷம். ரப்பர் மரமும் இலை உதிர்க்கும், ஆனால் ஆண்டின் தொடக்கத்தில் வரும் வறண்ட வாரங்களில். புது இலை விடும்வரை பாலும் குறையும். வெட்டியவர்களுக்கு இது மனப்பாடம், பிள்ளைகளுக்கோ புதுச்செய்தி, ஏனென்றால் இப்போது சுற்றிலும் செம்பனைதான். மாதத்தைக் கேட்காதீர்கள், அது இடத்துக்கு இடம் சற்று மாறும். 'சீனப் புத்தாண்டை ஒட்டியா, தீபாவளியை ஒட்டியா?' என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அடுத்த கேள்வியை அங்கிருந்தே இழுக்கலாம்: இலை மஞ்சளாகும்போது அந்த மஞ்சள் புதிதாக உண்டாகிறதா, முன்பே இருந்ததா? முன்பே இருந்ததுதான். பச்சையம் சிதைந்ததும் அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டு வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் வேறு கதை. அந்தோசயனின் என்ற நிறமியைப் பல மரங்கள் அந்தக் கடைசி வாரங்களில்தான் புதிதாகச் செய்கின்றன. கடினக் கேள்விக்கு இது அளவாக இருக்கும். பக்கத்து ஊரையும் விடாதீர்கள். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளின் கன்றுகள் மறு ஆண்டே சிங்கப்பூர் வழியாகப் பேராக்கில் எந்த ஊருக்கு வந்தன? கோலகங்சார்.

பண்டிகைச் சுற்றில் பழைய கேள்வித்தாளைத் தூசி தட்டி எடுப்பது பெரிய ஆபத்து. நிலவைப் பார்த்து வரும் நாள்கள் ஆண்டுதோறும் நகரும். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. அதனால் சீனர்களின் நடு இலையுதிர் விழாவுக்கு ஆங்கிலத் தேதி கேட்காமல் சீன நாள்காட்டியின் எட்டாம் மாதம் எத்தனையாம் நாள் என்று கேளுங்கள். பதினைந்து, அதாவது முழுநிலவு. கொரியர்களின் சூசொக்கும் அதே நாள்தான். தீபாவளிக்குப் பொது விடுமுறை இல்லாத மலேசிய மாநிலம் எது என்பது எப்போதும் நன்றாக வேலை செய்யும் கேள்வி. சரவாக். 2024-இல் தீபாவளியன்றே வந்த மேல்நாட்டுக் கொண்டாட்டம் எது? ஹாலோவீன், அக்டோபர் 31. போட்டிக்கு முன் சுவரில் தொங்கும் நாள்காட்டியைக் கழற்றிவிடுங்கள், இதை யாரும் நினைவில் வைப்பதில்லை.

ஹாலோவீன் விளக்கை அயர்லாந்தில் முதலில் பூசணியில் குடையவில்லை, டர்னிப் கிழங்கில் குடைந்தார்கள். பூசணி, அவர்கள் அமெரிக்கா போன பிறகு வந்தது. படத்தோடு கேட்பதாக இருந்தால் கவனம். நம் நாட்டில் பலர் டர்னிப் என்று சொல்வது போப்பியா என்ற சுருள் பண்டத்தில் போடும் செங்குவாங் கிழங்கை. பூசணியிலும் இந்தக் குழப்பம் உண்டு, ஒருவர் மஞ்சள் பூசணியை நினைப்பார், இன்னொருவர் திருஷ்டிக்கு உடைக்கும் வெண்பூசணியை.

உணவுச் சுற்றில் ஒரு மோப்பப் பகுதியைச் சேர்த்தால் படிக்கத் தெரியாத பாட்டியும் ஆட்டத்துக்குள் வந்துவிடுவார். மேல்நாட்டார் 'பூசணி மசாலா' என்பதில் பூசணி கிடையாது. பட்டை, இஞ்சி, சாதிக்காய், கிராம்பு ஆகியவற்றின் பொடி அது. ஸ்டார்பக்ஸ் 2003-இல் அந்தப் பெயரில் விற்கத் தொடங்கிய காப்பியிலும் 2015 வரை பூசணி இல்லை. இந்த நான்கையும் தனித்தனிச் சிறு போத்தலில் ஒரு தேக்கரண்டி போட்டு, வாயைத் துணியால் கட்டி, எண் ஒட்டிச் சுற்றுக்கு விடுங்கள். குழுவுக்கு ஒரு செட் வேண்டும். ஒரே செட்டை மண்டபம் முழுக்க அனுப்பினால் கால் மணி நேரம் வீண். சாதிக்காயை அன்றைக்கே துருவுங்கள், கடைப் பொடியில் வாசனை பாதி போயிருக்கும். கிராம்பைக் கடைசி எண்ணாக வையுங்கள், முதலில் முகர்ந்தால் மற்ற மூன்றும் மூக்கில் ஏறாது. சாதிக்காய்க்கு 'சாதிபத்திரி' என்று யாராவது எழுதினால் மதிப்பெண் இல்லை. ஒரே பழம்தான், ஆனால் ஒன்று கொட்டை, மற்றது அதன் மேல் தோல்.

நடு இலையுதிர் விழாவின் பூரணப் பண்டமான மூன்கேக் பரிமாறுவதாக இருந்தால் வாங்கும்போதே உறையைப் படியுங்கள். புரட்டாசியில் பலர் சைவம். உள்ளே உப்பு முட்டைக் கரு இருக்கலாம், மேல் மாவில் பன்றிக் கொழுப்பும் சேர்த்திருக்கலாம். முட்டைக் கரு இல்லாத தாமரை விதைப் பூரணம், ஹலால் முத்திரையோடு என்று கேட்டு வாங்குங்கள். எண்ணெயும் சர்க்கரையும் மிகுந்த பண்டம், ஒன்றை எட்டாக வெட்டினால் ஒருவருக்கு ஒரு துண்டு போதும்.

சினிமாச் சுற்றில் எல்லாருக்கும் வாய் திறக்கும், அதனால்தான் கேள்வியை இறுக்க வேண்டியிருக்கிறது. '1991 தீபாவளிக்கு வந்த படம்?' என்றால் தளபதி என்று ஒரு மேசை, குணா என்று இன்னொரு மேசை, இரண்டும் சரி. 'ரஜினி நடித்தது' என்று சேருங்கள். பெரியவர்களுக்கு ஒன்று: 1944 தீபாவளிக்கு வந்து, சென்னையில் மூன்று தீபாவளி கண்ட பாகவதர் படம்? ஹரிதாஸ்.

விடைத்தாளைப் பக்கத்து மேசைக்கு மாற்றித் திருத்தச் சொல்லுங்கள். எழுத்துப் பிழைக்குக் குறைக்காதீர்கள். 'லாபு' என்று மலாயில் எழுதினாலும் பூசணிதான். அரை மதிப்பெண் என்ற பேச்சே வேண்டாம், அரையை ஒருமுறை கொடுத்தால் கால் கேட்க ஆள் வரும். கைத்தொலைபேசிகள் கூடைக்குள், கூடை மேடையில். ஒலிபெருக்கியை வாசிப்பவருக்கு முன்னால், மக்களைப் பார்த்தபடி வையுங்கள். பின்னால் வைத்தால் மைக் ஊளையிடும்.

மழைக்கும் தயாராக இருங்கள். அக்டோபர், நவம்பரில் மேற்குக் கரையில் மாலை இடிமழை வழக்கம். தகரக் கூரையில் அது இறங்கினால் எந்த மைக்கும் செல்லாது. ஒவ்வொரு சுற்றையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு மேசைக்கு ஒரு படி தயாராக வைத்திருந்தால் மழையிலும் போட்டி ஓடும்.

இரண்டு குழு சமநிலையில் முடிந்தால், ஒரு போத்தலில் எத்தனை முறுக்கு என்று ஊகிக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, தொகையைத் தாளில் எழுதி ஒட்டி மூடிவிட வேண்டும். நெருங்கிய எண் சொன்ன குழு வெல்லும். போத்தலை மேடையிலேயே வையுங்கள், சமையலறைப் பக்கம் போனால் எண்ணிக்கை மாறும்.